ஜம்பட்டா வீதி வெங்காயம்

வகுப்புக்கு வெங்காயம் கொண்டுவந்தவன் நான்தான்.
ஜம்பட்டா வீதியில் எங்கள் கொத்துரொட்டிக் கடை.
இரவு அரிந்த பத்துக் கிலோவில் தப்பிய ஒன்று
விடிய என் சட்டைப்பையில் ஏறியது.
வழியெல்லாம் பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

நாற்பத்தொரு பேருக்கு ஒரு நுணுக்குக்காட்டி.
மின்குமிழ் போய் இரண்டு தவணை.
யன்னலோரம் வைத்து, ஆடியைத் திருப்பி,
துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்கு மேலிருந்து
வெளிச்சத்தைப் பிடித்து இறக்கவேண்டும்.

பர்ஹானா உள்தோலை உரித்தாள்,
புது ஃபோன் திரையில் ஒட்டிவரும் தாளைப்போல,
சுருங்காமல்.
வழுக்கியில் விரித்தாள்.
ஒரு துளி அயடீன்.

முதலில் பார்த்ததும் நான்தான்.
கரிய விளிம்போடு முழு வட்டம்!
"கலம்" என்று கத்தினேன்.
வரைந்தேன். நடுவில் புள்ளிவைத்து
கரு என்று கோடும் இழுத்தேன்.
அவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"அது காத்துக் குமிழிடா."

அழித்த இடத்தில்
இன்னும் அந்த வட்டம் தெரிகிறது.

இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் ஓடும் உலகம் அது.
கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் திருகி
வந்தது.
சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை,
எங்கள் தோட்டத்து வீடுகள் மாதிரி,
நடுவே ஓர் ஒழுங்கைக்கும் இடம் விடாமல்.
ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சட்கபிலப் பொட்டு,
அதுதான் கரு.
நடுவிலே இல்லை, ஓரத்தில், சுவரோடு சாய்ந்து.
நடு இடம் முழுதும் புன்வெற்றிடம்.
பெயரில்தான் வெற்றிடம்; உள்ளே நிறையச் சாறு.
பெயர் வைத்தவர் வெங்காயம் அரிந்ததில்லை போலும்.

கலம் ஒரு தொழிற்சாலை, கரு அதன் முதலாளி
என்று எங்கோ படித்தேன்.
எனக்கு ஒப்பவில்லை.
கரு கல்லாவில் உட்காருவதில்லை.
கடையில் எண்ணெய் படிந்து கிடக்கும்
கணக்குக் கொப்பி மாதிரி அது.
அதிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்துப்போய்
இறைபோசோம் புரதம் கோக்கிறது.
அடுப்பெரிப்பது இழைமணி.
இவை எதுவும் இந்தக் கண்ணாடிக்குள் தெரியாது.
தெரியாததை வரைந்தால்
புள்ளி இல்லை.

மென்சவ்வும் தெரியாது, சுவரோடு ஒட்டிக்கிடக்கும்.
அயடீன் பட்டது செத்துப்போகும் என்பதால்
புதுத் துண்டு எடுத்தோம், வெளிப்புறத்து ஊதாத் தோல்.
ஓரத்தில் உப்புத்தண்ணீர்.
ஐந்து நிமிடம்.
சுவர் நின்ற இடத்திலேயே நின்றது.
உள்ளிருந்த ஊதாதான்
நீரைப் பறிகொடுத்து, சுருங்கி,
மூலைகளை விட்டு விலகியது.
அப்போதுதான் கண்டோம்
சுவர் வேறு, வாசல் வேறு.
தண்ணீரை விட்ட வாசல்
ஊதாவை விடவில்லை.
பர்ஹானா ஒன்றும் பேசவில்லை.
பென்சிலை மட்டும் கூராக்கிக்கொண்டாள்.

இரவு, கடை.
வெங்காயத்துக்குள் ஒரு பொருள் சவ்வுக்கு இந்தப் பக்கம்,
அதைக் குலைக்கும் நொதியம் அந்தப் பக்கம்.
ஒரே கலத்தில் குடியிருந்தும்
ஒன்றையொன்று கண்டதில்லை.
கத்தி விழுந்த கணத்தில் அறிமுகமாகின்றன,
என் கண் எரிகிறது.
ஒரு வெட்டுக்கு எத்தனை ஆயிரம் வாசல்!

அண்ணன் தகட்டில் கொத்துகிறான்,
"என்னடா, காதல் தோல்வியா?" என்கிறான்.
சவ்வுத் தோல்வி என்றால் விளங்காது அவனுக்கு.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது.
அதுவும் கலம்தான், பழைய தமிழில்.
முட்டை அடித்து ஊற்றும் இந்தக் கிண்ணமும் கலம்.
எதையாவது உள்ளே வைத்து
எதையாவது வெளியே நிறுத்துகிற எல்லாவற்றுக்கும்
நம்மிடம் ஒரே சொல்.

கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைக்கிறேன்.
கன்னத்தின் உட்புறம் நாளைய பாடம்:
குச்சியால் சுரண்டிப் பார்க்கவேண்டுமாம்.
அங்கே இருப்பவற்றுக்குச் சுவரே கிடையாது.

அடுத்த வெங்காயத்தை எடுக்கிறேன்.